திருப்பதி வெயிலில் சீமை அத்தி: தொடக்கக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் அத்தி வளர்ப்பது பற்றி உலகில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. பனி விழுமுன் மரத்துக்குச் சாக்கு சுற்று, தொட்டியை கார் ஷெட்டுக்குள் தள்ளு, ஒருபக்க வேரை அறுத்து மரத்தைச் சாய்த்து மண்ணுக்குள் புதை என்று அதில் பாடம் நடக்கும். நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியர்கள் உண்மையிலேயே வருஷாவருஷம் மரத்தைப் புதைத்து எடுத்தவர்கள்தான். மே மாதம் ரேணிகுண்டாவில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்பு வரும்.

ஆனாலும் அந்தப் பாடத்தில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. அங்கே குளிர் மரத்தைத் தூங்க வைக்கிறது. இலையெல்லாம் உதிர்ந்து, சில மாதம் அயர்ந்து கிடந்து, பிறகு ஒரே வீச்சில் துளிர்த்துக் காய்க்கிறது. சித்தூர், திருப்பதிப் பக்கம் அந்தத் தூக்கம் தானாக வராது. தண்ணீரைக் குறைத்தும் கத்தரி போட்டும் நாம்தான் தூங்க வைக்க வேண்டும். எந்த மாதம் தூங்க வைத்து எந்த மாதம் எழுப்புகிறோம் என்பதில்தான் பழத்தின் இனிப்பே இருக்கிறது. மற்றதெல்லாம் எந்தச் செடிக்கும் செய்கிற வேலை.

எந்த அத்தி?

நர்சரியில் வெறுமனே "அத்திக் கன்று" என்று கேட்டால் நாட்டு அத்தியை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. தெலுங்கில் அது மேடி. ஓடைக்கரையில் வானளாவ வளர்ந்து, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சி. 2019-ல் காஞ்சிபுரத்தில் 48 நாள் தரிசனம் தந்த அத்தி வரதரின் திருமேனி இந்த அத்தி மரம் என்பார்கள். கும்பிட வேண்டிய மரம், மொட்டை மாடிக்கு ஆகாது. நமக்கு வேண்டியது சீமை அத்தி. "அஞ்சூர" என்றோ "அஞ்சீர்" என்றோ கேளுங்கள். இலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: விரித்த கைபோல மடல் பிரிந்து, தடவினால் சொரசொரவென்று இருக்கும். நாட்டு அத்தி இலையில் பிளவு இருக்காது.

ரகத்தில் தொடக்கக்காரருக்குப் புனே அத்தியே போதும். புனே அருகே புரந்தர் வட்டாரத்தில் தலைமுறைகளாக விளைவது இது. புரந்தர் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. டயானா என்ற ரகமும் நர்சரிகளில் கிடைக்கிறது, பழம் பெரிது. இவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. துருக்கியில் உலர்பழத்துக்காக வளர்க்கும் ஸ்மிர்னா வகை அப்படியில்லை. ஒரு குறிப்பிட்ட சின்னக் குளவி, பழத்தின் கண் எனப்படும் நுனித் துளை வழியாக உள்ளே புகுந்தால்தான் அதில் காய் நிற்கும், இல்லையென்றால் சுருங்கி விழுந்துவிடும். அந்தக் குளவிக்கு நாம் எங்கே போவது? கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையை முளைக்கப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விதை முளைத்துவிடும், செடியும் அழகாக வரும், ஆனால் தின்னத்தக்க பழம் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கன்றா, போத்தா?

கன்று வாங்குவதென்றால், நர்சரிகளுக்குப் பெயர்போன கோதாவரிக் கரைக் கடியத்திலிருந்து லாரியில் வரும் கன்றுகள் ஊருக்கு ஊர் கிடைக்கின்றன. விண்பதியன் போட்டு எடுத்த கன்றாகப் பாருங்கள். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேண்டாம். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது நூற்புழு, பின்னால் சொல்கிறேன்.

தெரிந்தவர் வீட்டில் மரம் இருந்தால் காசே வேண்டாம். முருங்கைப் போத்து நடுகிற ஊர்க்காரருக்கு அத்திப் போத்து நட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கவாத்து செய்யும்போது விழும் கிளைகளில், பென்சில் தடிமனில், பழுப்பேறிய முற்றிய தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் வடியும் பாலைக் கழுவி, நிழலில் ஒருநாள் ஆறவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த பையில் பாதிக்கு மேல் புதையும்படி நடுங்கள். ஈரம் இருந்தால் போதும், சொதசொதவென்று வைத்தால் அழுகிவிடும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். அதற்கு முன்பே இரண்டு இலை விட்டு ஏமாற்றும், அதை நம்பிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

இடமும் தொட்டியும்

ஏழெட்டு மணி நேர வெயில் அத்திக்குக் கட்டாயம். தரையில் வைப்பதானால் வீட்டிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப், கிணற்றுச் சுவர் இவற்றின் பக்கம் வேண்டவே வேண்டாம். ஈரத்தைத் தேடிப் போவதில் அத்தி வேருக்கு ஆலமரத்து ரத்தம், இரண்டும் ஒரே குடும்பம்தானே.

என் கட்சி தொட்டிக் கட்சி. வேரை அடக்கி வைத்தால் மரம் குட்டையாக நின்று சீக்கிரம் காய்க்கும். அதோடு மழைக்காலத்தில் நகர்த்தவும் முடியும். 200 லிட்டர் நீல ட்ரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால் இரண்டு மரத்துக்கு ஆயிற்று. சிறியது என்றால் 40 லிட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் ஆறேழு துளை, துளை ஒவ்வொன்றும் விரல் நுழையும் அளவு. ட்ரம்மை வெறும் தளத்தில் வைக்காமல் செங்கல் மீது தூக்கி வையுங்கள். தண்ணீரும் வடியும், ஏப்ரலில் கொதிக்கும் தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது. வெளிப்புறம் வெள்ளை அடித்துவிடுவது இன்னும் நல்லது. ஈரமண்ணோடு பாதி ட்ரம் நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

மண்ணில் ஒரு மதனபள்ளி எச்சரிக்கை

சித்தூர்ச் செம்மண் அத்திக்கு நன்றாகவே பொருந்தும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணலோ தென்னைநார்க் கழிவோ ஒரு பங்கு, அதோடு ட்ரம்முக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. களிமண்ணாக இருந்தால் மணலைக் கூட்டுங்கள். இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் சற்று உப்பாக இருந்தாலும் அத்தி தாங்கும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் மட்டும் மழைத்தண்ணீரை நிறையவிட்டு ஒருமுறை வடித்துவிடுங்கள்.

எச்சரிக்கை என்னவென்றால், தக்காளி விளைந்த மண்ணை எடுக்காதீர்கள். மதனபள்ளித் தக்காளிச் சந்தை நாடறிந்தது, சுற்றுவட்டாரம் முழுக்கத் தக்காளி வயல்தான். தக்காளியின் வேரில் முடிச்சு போடும் அதே நூற்புழுவுக்கு அத்தி வேரும் விருந்து. மாடியில் பழைய தக்காளிப் பையில் மீந்த மண்ணும் இதில் சேர்த்திதான். வேரில் முடிச்சு விழுந்த அத்தி சாகாது, ஆனால் வளரவும் வளராது. எத்தனை உரம் போட்டாலும் இலை வெளிறி அப்படியே நிற்கும். வேறு வழியில்லாமல் அந்த மண்ணையே எடுக்க வேண்டி வந்தால் மே மாத வெயிலில் தகரத்தில் மெல்லிதாகப் பரப்பி, ஈரமாக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு மாதம் வேகவிடுங்கள். திருப்பதி வெயில் வேறு எதற்கு இருக்கிறது?

முதல் வருஷம்: பழத்தை மறந்துவிடுங்கள்

நட்ட கன்று முழங்காலுக்கு மேல் வளர்ந்ததும் உச்சியைக் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் வெடிக்கும் துளிர்களில் வேறு வேறு திசை பார்க்கும் மூன்று நான்கை மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள். மரத்தின் நடு எப்போதும் வெளிச்சம் விழும்படி திறந்திருக்க வேண்டும். முதல் வருஷம் ஒன்றிரண்டு காய் தலைகாட்டும். உதிர்த்துவிடுவது நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நடக்காது என்று தெரியும், ஒன்றை விட்டு வையுங்கள்.

கவாத்து: எல்லாம் இந்தத் தேதியில்தான் இருக்கிறது

புது வளர்ச்சியில், இலையின் கக்கத்தில் காய்ப்பது அத்தியின் வழக்கம். ஆகவே வெட்டினால்தான் காய்ப்பு. வெட்டிய இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும், அதன்பின் இலைக்கொரு காய் தலைகாட்டும், வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நாலரை மாதத்தில் முதல் பழம். இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டால் எப்போது வெட்டுவது என்று தெரிந்துவிடும்.

பழம் மழையில் பழுக்கக் கூடாது. மழைத்தண்ணீர் பட்டால் வெடிக்கும், கண் வழியாக நீர் புகுந்து புளிக்கும், மழைக்குப் பயந்து முன்னாலேயே பறித்தால் சப்பென்று இருக்கும். மகாராஷ்டிர விவசாயிகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: மழையை ஒட்டி வரும் விளைச்சல் கட்டா பஹார், அதாவது புளிப்புப் பருவம். கோடையில் வருவது மீட்டா பஹார், இனிப்புப் பருவம். ஆனால் அவர்களுக்கு மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு முடிகிறது. நமக்கு அது ஓய்ந்த பிறகுதான் ஐப்பசியும் கார்த்திகையும் காத்திருக்கின்றன. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் ஓடிய வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே புனேத் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டு செப்டம்பர் கடைசியில் இங்கே வெட்டினால், இளந்துளிர் வந்து நிற்கும் நேரத்தில் வங்கக் கடலிலிருந்து புயல் வரும். நனைந்த இளம் இலையில் துரு நோய் ஏறும்.

என் யோசனை ஊருக்கு ஊர் வேறு. பலமநேர், புங்கனூர், குப்பம் போன்ற மேட்டு ஊர்களில் வடகிழக்குப் பருவமழையின் வேகம் குறைவு, கோடையும் மிதம். அங்கே அக்டோபர் கடைசியில் வெட்டலாம், மார்ச்சில் பழம். திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, புத்தூர், நகரிக்காரர்கள் பெரிய மழை ஓய்ந்த பிறகு, நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் வாரத்தில் வெட்டுங்கள். பழம் ஏப்ரலில் வரும். அதைவிடத் தள்ளிப்போட்டால் மே வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். 40 டிகிரியைத் தாண்டினால் பழம் பிஞ்சிலேயே பழுத்து, தோல் தடித்து, உள்ளே சாறில்லாமல் போய்விடும். சித்தூர் நகரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த வருஷத்து மழையைப் பார்த்து நவம்பர் நடுவில் முடிவு செய்யுங்கள்.

எப்படி வெட்டுவது? இரண்டு வாரம் முன்னாலேயே தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இலை பழுத்து உதிரத் தொடங்கும், மீதியைக் கையால் உருவிவிடலாம். இதுதான் நாம் செய்துதரும் குளிர்காலம். பிறகு போன வருஷத்துக் கிளை ஒவ்வொன்றிலும் அடியில் மூன்று நான்கு கணுவை விட்டு, மேல் கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். காய்ந்தது, குறுக்கே போவது, உள்நோக்கி வளர்வது எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். வெட்டிய வாயில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை தடவுங்கள். மரம் மொட்டையாகி நிற்பதைப் பார்த்து வீட்டில் யாராவது கட்டாயம் திட்டுவார்கள்.

பக்கக்கிளை விடாமல் ஒரே தடியாக நீளும் கிளை இருந்தால், உறங்கும் கணு மொட்டுக்கு நேர் மேலே, விரல் அகலத்துக்குப் பட்டையை மட்டும் சிறு துண்டாகச் சீவி எடுங்கள். கிளை நுனியிலிருந்து கீழே இறங்கி மொட்டை உறங்க வைக்கும் ஓட்டம் அங்கே தடைபட்டு அந்த மொட்டு விழித்துக்கொள்ளும். புனேப் பக்கத்து விவசாயிகள் விரும்பிச் செய்யும் கைவேலை இது.

ஒரு முக்கியமான சங்கதி: அத்திப் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். சாதாரண அரிப்பு என்று நினைக்காதீர்கள், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு, வெயில் தாழ்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தண்ணீரும் தீனியும்

கவாத்து முடிந்ததும் வழக்கமான தண்ணீருக்குத் திரும்பலாம். தரையில் வேர் பிடித்த மரத்துக்கு வாரம் இரண்டு முறை ஆழமாக. ட்ரம்மில் உள்ளதற்குப் பனிக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மார்ச்சிலிருந்து தினமும், ஏப்ரல் மே மாதங்களில் காலையும் மாலையும். பழம் பருக்கும் நேரத்தில் இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். வைக்கோல், காய்ந்த இலை, தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்கு போடுங்கள்.

தீனி அதிகம் வேண்டாம். கவாத்து செய்த கையோடு ட்ரம்முக்கு இரண்டு கிலோ மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரமும் இரண்டு பிடி வேப்பம்புண்ணாக்கும், காய் பட்டாணி அளவு வந்ததும் ஒரு பிடி விறகுச் சாம்பல். யூரியா பக்கமே போகாதீர்கள். இலை யானைக் காது மாதிரி வரும், காய் வராது.

ஏப்ரல் மே வெயில்

மேற்குப் பார்த்த மாடியில், பிற்பகல் வெயிலை மட்டும் தடுக்கும்படி பாதி நிழல் தரும் பச்சை வலையை ஒரு பக்கமாகக் கட்டுங்கள். தலைக்கு மேல் முழுசாக மூடிவிட்டால் பழத்தில் இனிப்பு ஏறாது. கவாத்துக்குப் பின் மொட்டையாக நிற்கும் தண்டில் நேர் வெயில் பட்டுப் பட்டை வெடிக்கும். அதற்குச் சுண்ணாம்பு அடித்தாலே போதும்.

துருவும் துளைப்பானும்

இலையின் அடிப்பக்கம் செங்கல் பொடி தூவியதுபோல் இருந்தால் அது துரு நோய். இலை காய்ந்து கொட்டிவிடும், பிறகு காய்க்குச் சாப்பாடு ஏது? விழுந்த இலையை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் 1 சதவீதப் போர்டோ கலவை இரண்டு மூன்று முறை தெளித்தால் அடங்கும். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அன்றே தெளித்துவிட வேண்டும், பழம் பழுக்கும் நேரத்தில் தெளிக்கக் கூடாது.

சித்தூர் மாவட்டம் மாமரக் காடு. தோதாபுரி மாவைத் துளைக்கும் அந்தப் பெரிய வண்டின் புழுவுக்கு அத்தியும் பிடிக்கும். தண்டின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் தாமதிக்காதீர்கள். துளைக்குள் சைக்கிள் கம்பியைவிட்டுக் குத்தி எடுங்கள், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணியுங்கள், களிமண்ணால் அடைத்துவிடுங்கள். ஒரு புழு ஒரு கிளையையே முடித்துவிடும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும்.

அணிலும் மைனாவும் நமக்கு முன்னால் எழுந்துவிடும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் சின்னத் துணிப்பையோ வலைப்பையோ கட்டிவிடுங்கள். சேஷாசலம் மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குக் குரங்கு வேறு. அதற்கு இரும்பு வலைக் கூண்டைத் தவிர எதுவும் உதவி நான் கண்டதில்லை. பட்டாசு, பொம்மைப் புலி எல்லாம் ஒரு வாரக் கதை.

பறிப்பது

பறித்த பிறகு அத்தி பழுக்காது. மா, வாழைபோல வைக்கோலில் போட்டுவைக்கும் வேலை இங்கே நடக்காது. மேல்நோக்கி நின்ற பழம் காம்பு தளர்ந்து தலை தொங்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், தோலில் மெல்லிய கீறல் விழும், சிலவற்றில் கண்ணில் ஒரு சொட்டுத் தேன் நிற்கும். அன்று காலையே பறித்துவிட வேண்டும். காம்போடு சேர்த்துத் திருகி எடுங்கள். வெளியில் ஒருநாள், ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள், அவ்வளவுதான் ஆயுள். கடையில் நல்ல அத்தி கிடைக்காததற்கும் இதுதான் காரணம். லாரிக்காகக் காய்ப்பதத்தில் பறித்தது கடைசிவரை காய்ப்பதம்தான்.

கடைசிச் சில காய்கள் முழு அளவு வந்தும் பழுக்காமல் அடம்பிடித்தால், கண்ணில் லேசாகச் சிவப்பு ஏறியதும் ஒரு துளி நல்லெண்ணெயை அங்கே தொட்டு வையுங்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெயால் காலங்காலமாகச் செய்வது. சில நாள் முந்திப் பழுக்கும். பிஞ்சில் வைத்தால் பலிக்காது.

ஹார்ஸ்லி மலையிலும் ஸ்கார்பரோவிலும்

மதனபள்ளி அருகே உள்ள ஹார்ஸ்லி மலை ஏறத்தாழ 1,265 மீட்டர் உயரம். மார்கழியில் அங்கே நடுங்கும், ஆனால் நீர் உறையும் குளிர் அல்ல. அத்திக்கு அது சுகமான குளிர்தான். அங்கே மரம் தானாகவே இலையைக் கொட்டும். மலையில் வீடோ தோட்டமோ உள்ளவர்கள் ஜனவரி கடைசியில் வெட்டினால் ஜூனில் பழம் பார்க்கலாம். மலைமேல் வெயில் வாட்டாது என்பதால் அவசரம் இல்லை. மூடுபனி நாட்களில் இலையில் துரு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோ, ஸ்கார்பரோவில் இருக்கும் உறவுக்காரர் கேட்டால் அவர்களுக்குப் பதில் வேறு. உறங்கும் அத்தி மரம் சுமார் மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும், அதற்குக் கீழே தண்டு கருகிவிடும். தொட்டியில் வைத்து, இலை முழுக்க உதிர்ந்த பிறகு வெளிச்சமே இல்லாத கராஜில் தள்ளிவிடலாம். கறிவேப்பிலையைப் போல ஜன்னலோரம் வெயில் காட்ட வேண்டியதில்லை, தூங்கும் மரத்துக்கு வெளிச்சம் எதற்கு? மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஏப்ரல், மேயில் உறைபனி விலகியதும் வெளியே எடுத்து, முதல் வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அவர்கள் கராஜிலிருந்து தொட்டியை இழுக்கும் அதே வாரங்களில் திருப்பதி மாடியில் துணிப்பையை அவிழ்த்துப் பழம் பறித்துக்கொண்டிருப்பீர்கள். வீடியோ காலில் காட்டி வெறுப்பேற்றுவது உங்கள் இஷ்டம்.